அண்ணன் கடித்த தார்க்குச்சி

ராத்திரியில் என் பல்செட்டைக் கழற்றிப் போடுகிற டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு தார்க்குச்சி கிடக்கிறது. தறி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நெசவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாய்கிற மரக்கட்டைக்கு நாடா என்று பேர். அதன் வயிற்றுக்குள், குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுற்றிச் செருகி வைக்கிற சின்னக் குச்சிதான் தார்க்குச்சி. என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம் இருக்கும். என்னிடம் இருப்பதில் நூல் இல்லை. ஒரு முனை முழுக்கப் பல் பட்ட தடங்கள்தான். எலி கடித்ததா என்று மருமகள் கேட்டாள். குப்பையென்று இரண்டு தடவை எடுத்தும் போட்டாள். இரண்டு தடவையும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு விசைத்தறியே நின்றுபோனதாக என் மகன் இன்றைக்கும் கேலி பேசுகிறான். பேசட்டும். அந்தத் தடங்கள் என் அண்ணனுடைய பற்கள். அவற்றைக் காப்பாற்றியவள் எங்கள் சின்னம்மா.

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை தெருவே டக்கு டக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். அப்பா தறிக்கடியில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் சோறு வந்தால்தான் எழுவார். வீட்டில் பிள்ளைகள் அண்ணனும் தங்கச்சி நானும்தான். அவனுக்கு என்னைவிட மூன்று வயது மூப்பு. ஆனால் பேச்சு வரவில்லை. ‘ம்மு’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பசித்தாலும் ம்மு, சந்தோஷம் வந்தாலும் ம்மு. யாரும் திடீரென்று தொட்டால் பிடிக்காது. புது ஆள் வந்தால் பிடிக்காது. தறிக்காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, அப்பா பலகையை இழுத்து அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பான். அந்த அதிர்வு முதுகில் ஏறினால் போதும், அவனைப்போல சமத்துப் பிள்ளை அம்மாபேட்டையிலேயே கிடையாது.

எங்களைப் பெற்றவள் அண்ணனுக்கு ஒரு பழக்கம் பண்ணிவிட்டுப் போயிருந்தாள். தறி வேலையில் இரண்டு கையும் காலும் அவளுக்கு ஓயாது. பிள்ளை அழுதால் எழுந்துபோக முடியாது. அதனால் துணி முனையில் ஒரு துண்டு வெல்லத்தை வைத்து முடிந்து அவன் வாயில் கொடுத்துவிடுவாள். எங்கள் தெருவில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருமே அந்த வெல்லமுடிச்சைச் சப்பி வளர்ந்தவர்கள்தான். மற்றப் பிள்ளைகள் நடக்க ஆரம்பித்ததும் துப்பிவிட்டு ஓடிவிடும். அண்ணன் விடவில்லை. அம்மா இறந்தபிறகு வீட்டைப் பார்த்துக்கொண்ட எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, அதை அப்படியே தொடர்ந்தாள். அவன் பல்லைத் தேய்க்க மட்டும் யாராலும் முடியவில்லை. அத்தை ஒரு தடவை விரலை விட்டுப் பார்த்தாள், ரத்தம் வந்தது. அதோடு சரி.

சின்னம்மா அப்பாவுக்கு இரண்டாம்தாரமாகத் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்தாள். ஒல்லியான உருவம், எடுப்பான பல்வரிசை, வாயைத் திறந்தால் நிறுத்தாத பேச்சு. அவள் வீட்டை ‘ஊடு’ என்பாள், பெரியவர் சின்னவர் எல்லோரையும் ‘சாமி’ என்பாள். கிணற்றடியில் மற்றப் பெண்கள் அவளைப்போலப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். மாற்றாந்தாய் என்றால் சூடு போடுவாள் என்று எனக்கு யாரோ சொல்லி வைத்திருந்ததால் நான் கொஞ்ச நாள் அவள் கைக்கு எட்டாத தூரத்திலேயே நடமாடினேன். அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. வந்த மறுநாளே அண்ணன் வாயிலிருந்த வெல்லமுடிச்சைப் பார்த்துவிட்டு, “அட கெரகமே! மீசை மொளைக்கப் போற பையனுக்கு இதென்ன?” என்று பிடுங்கிக் கூரைமேல் வீசினாள். அத்தைக்கு வந்ததே கோபம்! “பெத்தவ குடுத்த பழக்கம்டி அது. நேத்து வந்தவ நீ தூக்கி எறியறியா?” என்று தெருவே கேட்கக் கத்தினாள். சின்னம்மா ஒரு கொப்பரைத் துண்டைக் கீறி அண்ணன் கையில் வைத்தாள். அவன் அதைக் கீழே போட்டுவிட்டு அழுதான்.

அழுகை அன்றோடு ஓயவில்லை. அந்த வருஷம் அவன் தலையைத் தறிக்காலில் முட்டிக்கொள்ள ஆரம்பித்தான். கன்னத்தில் அறைந்துகொள்வான், சோற்றைத் தள்ளிவிடுவான், கையில் அகப்பட்டதைக் கடிப்பான். அமாவாசை வந்தால் இன்னும் மோசம், பிடித்து நிறுத்த முடியாது. அமாவாசைக் கிறுக்கு என்று தெரு முழுக்கச் சொன்னார்கள். ஒருநாள் அப்பா சோற்றுக்கு எழுந்துபோன நேரத்தில் தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த பாவு நூலைப் பல்லால் கடித்து ஒரு சாண் அகலத்துக்கு அறுத்துப் போட்டுவிட்டான். அறுந்த இழைகளை அப்பா ஒவ்வொன்றாக எடுத்து முடிந்துகொண்டே இருந்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

அத்தைதான் அந்தப் பேச்சை எடுத்தாள். காவிரிக் கரையில் ஒரு கோயில் உண்டு, புத்தி பேதலித்தவர்களை அங்கே கொண்டுபோய் விட்டால் சங்கிலியில் கட்டிப்போட்டுப் பூசை பண்ணுவார்கள், சிலருக்குச் சரியாகும், ஆகாதவர்கள் அங்கேயே கிடப்பார்கள். அத்தையைக் கெட்டவள் என்று நான் சொல்லமாட்டேன். அவள் கையெல்லாம் கடித்த தழும்பு. “நானும் மனுசிதானேடா தம்பி, எத்தனை நாளைக்குத் தாங்குவேன்?” என்று அப்பாவிடம் அழுதாள். அப்பா தரையைப் பார்த்தபடி சரி என்று தலையாட்டினார். அப்போது அடுப்படியிலிருந்து சின்னம்மா எட்டிப் பார்த்து, “ஏனுங்க, இன்னும் ரெண்டு அமாவாசை கழியட்டுங்க. அதுக்குள்ள நானொரு வழி பாக்கறனுங்க. ஆவுலீன்னா கூட்டீட்டுப் போங்க” என்றாள். அப்பா அதற்கும் தலையாட்டினார். தறியில் உட்கார்ந்தவருக்குக் கைகால்தான் ஓயாது, வாய் ஓய்ந்தே இருக்கும்.

வழி பார்க்கிறேன் என்றவளுக்கு என்ன வழியென்று தெரிந்திருக்கவில்லை, பிற்பாடு அவளே சொல்லியிருக்கிறாள். அவள் செய்ததெல்லாம், வேலை ஒழிந்த நேரத்தில் தறிக்காலருகே அண்ணனுக்கு எதிரே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்ததுதான். காலையில் அவன் ஆட்டுக்கல்லில் போய்க் கன்னத்தை வைத்து அழுத்திக்கொள்வதைப் பார்த்திருந்தாள். வாயில் அடிக்கிற வாடையும் அவளுக்கு உறுத்தியது. ஆனால் அவன் வாயைத் திறக்கச் சொல்லவில்லை, தன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆமாம், ஈ போகிற மாதிரி, ஆவென்று! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அத்தை, “ஒண்ணு போதாதுன்னு ரெண்டாவது வந்திருக்கு பாரு” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் முதலில் திரும்பிக்கொண்டான். அப்புறம் ஓரக்கண்ணால் பார்த்தான். ஒருநாள் விரலை நீட்டி அவளுடைய முன்பல்லைத் தொட்டான். இன்னொரு நாள் கடைவாய்வரை விரலை விட்டு ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தான். அவளுக்குக் குமட்டிக் கண்ணில் தண்ணீர் வந்தது, வாயை மூடவில்லை. “நல்லாப் பாரு சாமி, நம்மூட்டுப் பல்லுதான்” என்று விரலுக்கு நடுவிலேயே குழறுவாள்.

அவன் தன் வாயைக் காட்டிய அன்று நான் பக்கத்தில் ராட்டையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்பா தறியில் இருந்தார். அண்ணன் சின்னம்மாவின் பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்தான். கடிக்கப் போகிறான் என்று நான் பயந்து எழுந்துவிட்டேன். அவன் அந்த விரலைத் தன் வாய்க்குள் கொண்டுபோய், வலது கடைசியில் ஓரிடத்தில் வைத்து, ம்மு என்றான். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. சின்னம்மா விரலை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “பேயுமில்ல பிசாசுமில்ல கண்ணு. பல்லு. இத்தன நாளும் இந்தப் புள்ள பல்லு வலியில துடிச்சிருக்குது” என்று சொல்லி ஓவென்று அழுதாள். தறி நின்றது. அப்பா குழியிலிருந்து எழுந்து வந்து அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றார். அன்றைக்கு மேற்கொண்டு நெய்யவில்லை.

ஆஸ்பத்திரியில் நாலு பேர் பிடித்துக்கொள்ள இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள். அவன் போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. வெல்லத்தில் ஊறி ஊறிப் பாதியாகக் கரைந்த பற்கள். மற்றதெல்லாம் இன்னும் நன்றாக இருக்கிறது, தினமும் சுத்தமாக வைத்துக்கொள்ளாவிட்டால் ஒவ்வொன்றாக இதே கதிதான் என்று டாக்டர் சொன்னார். திரும்பி வரும்போது ஜட்காவண்டியில் அண்ணன் சின்னம்மாவைத் தொடவிடவில்லை. அவள்தானே கூட்டிக்கொண்டு போனாள்! பஞ்சு அடைத்த வாயோடு வண்டியின் மூலையில் ஒடுங்கிக்கொண்டான். வாய் திறக்கிற விளையாட்டும் அதோடு நின்றுபோயிற்று. “பல்லப் புடுங்கியாச்சு, இனியாவது சும்மா விடு” என்றாள் அத்தை. சும்மா விட்டால் அடுத்த பல், அடுத்த பல் வலித்தால் மறுபடி பாவு நூலைக் கடிப்பான், கடித்தால் அந்தக் கோயில். சின்னம்மாவுக்கு அது தெரிந்திருந்தது.

புண் ஆறியதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம். உமிக்கரியைச் சலித்து மையாக அரைத்து, கொஞ்சம் உப்புச் சேர்த்து, கொட்டாங்கச்சியில் வைத்துக்கொண்டு எதிரே உட்காருவாள். முதலில் அவள் பல்லை அவன் தேய்க்க வேண்டும். அதற்கு மட்டும் அவன் மசிந்தான். அவள் முகமெல்லாம் கரியாக்கி விடுவான். பிறகு அவன் முறை. அவள் அவனுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, அவன் தலையைத் தன் மார்பில் சாய்த்து, விரலில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொள்வாள். சொல்லாமல் தொடவே மாட்டாள். “வாரேன் சாமி, முன்னாடிப் பல்லுக்கு வாரேன். இப்ப அக்கட்டப் பல்லுக்கு வாரேன்.” ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ‘வாரேன்’. ஒருநாள் முன்பல்லோடு முடிந்துவிடும், ஒருநாள் உதட்டோடு முடிந்துவிடும். கடைவாய்க்குப் போனால் மட்டும் கடித்துவிடுவான். முறுக்கிய துணியை இடையில் கொடுத்துப் பார்த்தாள், துணியோடு சேர்த்து விரலையும் கடித்தான். நகம் கறுத்து விழுந்தது. அந்த விரலோடேயே ராட்டை சுற்றினாள். என் பல்லை அந்த வீட்டில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஒரு தடவை நானும் போய் அவள் மடியில் தலையை வைத்து ஆவென்றேன். “உனக்குக் கையி இருக்குதல்ல, போய்த் தேய்ச்சுக்கோ போ” என்று செல்லமாக ஒரு குட்டு வைத்து அனுப்பினாள்.

கெடு வைத்த இரண்டாவது அமாவாசை வந்தது. சின்னம்மா அன்றைக்குத்தான் பெரிய நம்பிக்கையோடு இருந்தாள். எங்கள் ஜனங்கள் அமாவாசையன்று தறியில் உட்காரமாட்டார்கள். அன்று தெரு முழுக்கத் தறிக்கு ஓய்வு. வலித்த பல்தான் போய்விட்டதே, மற்ற நாளில் சத்தமும் அவசரமுமாக இருக்கிறது, இன்றைக்கு வீடு அமைதியாக இருக்கும், நிதானமாகக் கடைவாய்வரை தேய்த்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். நல்ல கணக்குத்தான்! கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்ததுமே அண்ணன் அலற ஆரம்பித்தான். தறிக்காலில் முதுகை மோதினான். காதைப் பொத்திக்கொண்டான். “வாரேன் சாமி” என்றவளை எட்டி உதைத்தான். உமிக்கரி கூடமெல்லாம் சிதறியது. அத்தை வாசற்படியில் நின்று, “அமாவாசை. நான் சொல்லலே? பல்லுல ஒண்ணுமில்ல, தலையிலதான்” என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. அப்பா திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாளைக்கு வண்டி பூட்டச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

அண்ணன் முதுகைத் தறிக்காலில் மோதிவிட்டு, ஒவ்வொரு தடவையும் தலையைத் திருப்பி, ஆளில்லாத தறிக்குழியைப் பார்த்தான். மோதுவான், பார்ப்பான். சின்னம்மா அதைப் பார்த்தாள். அப்பாவிடம் போய், “ஏனுங்க, இவனுக்கு அமாவாசை என்ன தெரியும்? தறிச்சத்தம் இல்லாமத்தான் பயப்படறான். நம்மூட்டுத் தறி மட்டும் சித்த நேரம் ஓடக் கூடாதுங்களா?” என்று கெஞ்சினாள். அத்தை, “அய்யய்யோ, குடி வெளங்குமாடி!” என்று வாயில் அடித்துக்கொண்டாள். அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா, யாருமே அமாவாசையில் நாடாவைத் தொட்டதில்லை. தொட்டால் தெருவுக்கே கேட்கும், அதை ஒளித்துச் செய்யவும் முடியாது. அப்பா சாமி படத்தைப் பார்த்தார். அலறிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார். அப்புறம் போய்த் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தார். நாடாவை எடுத்து, அதிலிருந்த தாரைக் கழற்றி, நூலைப் பரபரவென்று உருவிப் போட்டுவிட்டு, வெறும் குச்சியைச் சின்னம்மாவிடம் நீட்டினார். “இதைத் துணி சுத்திக் கடிக்கக் குடு. விரல் தப்பும்” என்றார். அத்தையைப் பார்த்து, “ஊடை இல்லாத நாடா அக்கா. நான் நெய்யலே” என்றார். வெறும் நாடாவை விட்டு, அதை ஓட்டுகிற கயிற்றைச் சுண்டினார்.

டக்கு. டக்கு. அந்தத் தெருவில் அமாவாசையில் கேட்ட முதல் தறிச்சத்தம். ஒரு முழம்கூடத் துணி ஏறாத வெறும் சத்தம். அண்ணன் அலறல் நடுவிலேயே அறுந்து நின்றது. முதுகைத் தறிக்காலில் சாய்த்தான், மெல்ல ஆட ஆரம்பித்தான். சின்னம்மா பின்னால் போய் உட்கார்ந்தாள். இடது பக்கப் பல்லுக்கு நடுவில் துணி சுற்றிய தார்க்குச்சியைக் கொடுத்தாள், அவன் கடித்துக்கொண்டான். “வாரேன் சாமி, கடவாய்க்கு வாரேன்” என்று வலது பக்கம் விரலை விட்டாள். முதல்முறையாக முழு வாயும் தேய்த்தாள். வாசலில் தெருவே கூடிவிட்டது. பெரியவர் ஒருவர், “என்னப்பா இது, அமாவாசையில?” என்று அதட்டிக்கொண்டே உள்ளே வந்தார். வந்தவர் வெறும் நாடாவைப் பார்த்தார், கரி வாயோடு சாய்ந்திருந்த அண்ணனைப் பார்த்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். அத்தை குனிந்து சிதறிக்கிடந்த உமிக்கரியைக் கூட்டி அள்ளினாள். கோயில் பேச்சை அதற்கப்புறம் அவள் எடுக்கவே இல்லை.

பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் காலையில் எங்கள் தறி மட்டும் கொஞ்ச நேரம் வெறும் நாடாவில் ஓடும். தெருவுக்குப் பழகிவிட்டது. “பல்லுத் தேய்க்கிறாங்கப்பா” என்று புது ஆட்களுக்கு விளக்கம் சொல்வார்கள். அண்ணனுக்கு மீசை வந்தது, தாடியும் வந்தது. நூல் சுற்றுகிறவர்களுக்குச் சிட்டத்தை விரித்துப் பிடிப்பான், தண்ணீர் தூக்குவான். தானே தேய்க்கப் பழக்கியும் அந்த ஒரு முறையை மட்டும் அவன் மாற்றிக்கொள்ளவில்லை. முதலில் சின்னம்மாவுக்கு அவன், அப்புறம் அவனுக்கு சின்னம்மா.

என்னைக் குமாரபாளையத்தில் கட்டிக்கொடுத்தார்கள். யுத்தத்தில் நூல் கிடைக்காமல் தறிகளெல்லாம் தூங்கின வருஷம், சின்னம்மா பக்கவாதத்தில் விழுந்துவிட்டாள் என்று ஆள் வந்தது. ஓடினேன். வலது பக்கம் முழுக்க விழுந்திருந்தது. அத்தனை பேச்சுப் பேசினவளுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு பேச்சே இல்லை. ஊட்டுகிற கஞ்சி கன்னத்தில் தங்கி வாயெல்லாம் புண். நான் விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு போனால் பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள். கண்ணில் பயம். என் சின்னம்மா என்னைப் பார்த்துப் பயந்தாள்! நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

திரும்பி வந்தபோது அண்ணன் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு அப்போது பார்வை மங்கிவிட்டது. இழுத்துக்கொண்டுபோய்க் குழியில் உட்கார வைத்து, கயிற்றை அவர் கையில் வைத்தான். நூலில்லாத தறி, பாவுகூட இல்லை. வெறும் கட்டை ஓடியது. டக்கு, டக்கு. அண்ணன் கொட்டாங்கச்சியோடு வந்து, சின்னம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டான். விரலை உதட்டுக்குக் கொண்டுபோகும் முன்னால் நிறுத்தி, “ம்மு” என்றான். அவனால் முடிந்த வாரேன் அதுதான். தொட்டான். கீழ்வரிசைக்குப் போகும் முன் மறுபடி ஒரு ம்மு. சின்னம்மாவின் தாடை மெல்ல விட்டுக் கொடுத்தது. அவன் தார்க்குச்சியைக் கடைவாயில் கொடுத்தான், துணி சுற்ற மறந்துவிட்டான். அவள் அப்படியே கடித்துக்கொண்டாள். எல்லாம் முடிந்ததும் எதிரே வந்து உட்கார்ந்து, அசைகிற அவளுடைய இடது கையை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டான். அவனுடைய முறை அல்லவா! நடுங்குகிற விரலால் அவள் இரண்டு இழுப்பு இழுத்தாள். அவள் சாகும்வரை இது நடந்தது. அப்பா ஒருநாள்கூடத் தறியில் உட்காரத் தவறவில்லை.

அப்பாவும் போனபிறகு அண்ணன் என்னோடுதான் இருந்தான். நானும் சொல்லிவிட்டுத்தான் தொடுவேன். குமாரபாளையத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி அப்போதே நாள் கிழமை பார்க்காத விசைத்தறிகள் வந்துவிட்டன, அமாவாசையைப் பற்றிக் கவலைப்படத் தேவையிருக்கவில்லை. அவன் போன அன்று குளிப்பாட்டிய ஆட்கள், இந்த வயதில் இப்படிப் பல்லா என்று ஆச்சரியப்பட்டார்கள். பிடுங்கிய அந்த இரண்டைத் தவிர எல்லாப் பல்லும் அவன் வாயில் இருந்தது. எனக்குத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை. ராத்திரி பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு, தார்க்குச்சியை எடுத்து விரலால் தடவிப் பார்ப்பேன். ஒரு பக்கம் முழுக்க அண்ணனுடைய தடங்கள், ஆழமாக, ஒன்றின்மேல் ஒன்றாக. அவற்றுக்குப் பக்கத்தில், கொஞ்சம் சாய்வாக, நகக்கீறல் அளவுக்கு ஒரே ஒரு தடம் தனியாக இருக்கிறது. அது சின்னம்மாவுடையது.